ஐந்தாம் எண்ணுக்கு இரண்டு பேர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

எங்கள் வீட்டில் ஐயாவின் தகரப் பெட்டிக்குள், வீட்டுப் பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் அடியில், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கேசட் உண்டு. அது பாட்டுக் கேசட் அன்று. 1991ஆம் ஆண்டு என் அப்பத்தா, சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பாவுக்குப் பேசி அனுப்பிய கடிதம். அந்த நாளில் அயல்நாட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதென்றால் செலவு மிகுதி. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் டேப் ரெக்கார்டர் முன் உட்கார்ந்து, மகன் எதிரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசி, அக்கேசட்டை ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்களாம். பெரியப்பா ஊர் திரும்பியபோது அதைப் பத்திரமாகக் கொண்டு வந்து ஐயாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பத்தா 2006இல் காலமானார்கள். நான் பிறந்தது 2010இல். அவர்களை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஐயாவுக்கு இப்போது வயது எண்பத்தாறு. கண் பார்வை மங்கிவிட்டது, படமும் தெரிவதில்லை. சென்ற மே மாத விடுமுறையில் ஒரு நாள், திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, “ஆத்தா, அந்தக் கேசட்டுல அவ பேசுனது இருக்குல்ல? ஒரு தடவை கேட்டுப்புடணும்” என்றார்.

ஐயா யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். நாற்பது ஆண்டுகள் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். அவர் வாய் திறந்து கேட்டது எனக்கு ஒரு கட்டளையாகவே பட்டது.

ஆனால், தோழிகளே, முப்பத்து நான்கு ஆண்டுப் பழைய கேசட்டை நினைத்தபோதெல்லாம் ஓட்ட முடியாது. நாடா எந்த நேரத்திலும் அறுந்து போகலாம். ஆகவே ஒரே ஒரு முறை ஓட்டி, அப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று திட்டமிட்டேன். முதலில் அம்மாவின் கைப்பேசியை டேப் ரெக்கார்டர் பக்கத்தில் வைத்துச் சில வினாடிகள் மட்டும் பதிவு செய்து பார்த்தேன். மின்விசிறியின் ஓசை இருந்தது, செக்காலை ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் இருந்தது, காக்கை இருந்தது. அப்பத்தாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது. டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்ததே காரணம். உடனே நிறுத்திவிட்டேன். ஸ்பீக்கர் வழியாகப் போகாமல் ஒயர் வழியாகவே ஒலியை எடுத்தாக வேண்டும்.

அப்போதுதான் பரணில் கிடந்த சித்தப்பாவின் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. சித்தப்பா கல்லூரியில் படிக்கும்போது 2001இல் வாங்கியது. இப்போது வருகிற மடிக்கணினிகளில் இல்லாத ‘லைன் இன்’ என்னும் துளை அதன் பின்புறம் இருந்தது. டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு ஒயரை அதில் செருகினால் போதும்.

அப்பாவும் தம்பியும் சேர்ந்து அதை இறக்கினார்கள். மின் இணைப்பு இல்லாமல் மூடியைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் ஒரு நாள் முழுக்கத் தூசி தட்டினேன். உள்ளே பல்லி முட்டை இருந்தது. மூடியின் உட்புறத்தில் பழுப்பேறிய காகிதமும் பசையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவித் துடைத்து, புதுப் பாத்திரம் போல ஆக்கிவிட்டேன். அதை நினைத்து அன்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டரை ஓட்டியதும் தேதி 2000ஆம் ஆண்டு ஜனவரி என்று காட்டியது. உள்ளே இருக்கும் வட்டமான சிறு பேட்டரி செத்துப் போனால் அப்படித்தான் காட்டும் என்று கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லியிருக்கிறார். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தையும் சில அமைப்புகளையும் மறவாமல் வைத்திருப்பது அந்தக் காசு அளவுப் பேட்டரிதான். லிதியத்தில் செய்தது, மூன்று வோல்ட். மின்வேதியியலுக்கென்றே 1953இல் நம் காரைக்குடியில் ஒரு மத்திய ஆய்வகம் திறக்கப்பட்டது என்பதும், அதற்கு நிலமும் பொருளும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு பேட்டரிக்குள் ஒரு பெட்டியின் நினைவு முழுவதும் அடங்கியிருக்கும் என்பதை நான் அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. புது பேட்டரி போட்டேன். சித்தப்பா நிறுவிய லினக்ஸ் நலமாக எழுந்தது. சோதனைக்கு ஒரு மணி ஓசையைப் போட்டேன், கணீரென்று கேட்டது.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்துகிற இயக்க மென்பொருள்களில் ஒன்று. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் எழுதத் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பெறலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அப்பத்தா கேசட்டில் பேசிய அதே ஆண்டுதான் லினக்ஸும் பிறந்தது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் அத்தை மகள் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியிலும் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இருக்கிறது. அது சி-டாக் நிறுவனம் இந்தியாவிலேயே உருவாக்கியது.

ஒரு குறை மட்டும் இருந்தது. பழைய கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துளைகள் துருவேறிச் செத்திருந்தன. பதிவு செய்தாலும் வெளியே எடுக்க வழியில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி அதற்கு ஒரு யோசனை சொன்னான். பழைய சாமான் கடையிலிருந்து ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கி வந்து உள்ளே செருகினான். அதிலிருந்து ஒரு கேபிளை அக்காவின் மடிக்கணினிக்கு இழுத்தான். இரண்டு கம்ப்யூட்டர்களும் பேசிக்கொண்டன. அவன் குதித்தான்.

நான் மணி ஓசையைப் போட்டேன். ஓசையே இல்லை.

ஒயரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். ஒலியளவைக் கூட்டினேன். அரை நாள் இப்படியே போயிற்று. பிறகு தம்பியின் கார்டைக் கழற்றினேன். மணி ஓசை கணீரென்று கேட்டது. எனக்கு வந்த கோபத்தில், “பார்த்தாயா? உன் ஓட்டைக் கார்டுதான் எல்லாவற்றையும் கெடுத்தது! உன்னை யார் கை வைக்கச் சொன்னது? ஐயா அப்பத்தா குரலைக் கேட்காமல் போனால் அதற்கு நீதான் காரணம்!” என்று ஐயாவின் காது கேட்கவே கத்திவிட்டேன்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கார்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான்கு நாள் அவன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. தவறு செய்தவன்தானே முதலில் பேச வேண்டும் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் இரவு கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் பேசினார். நடந்ததை நான் என் பக்கத்து நியாயத்தோடு சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பியோட கார்டு கெட்டதுன்னா, அது மூலமா ரெண்டு கம்ப்யூட்டரும் எப்படிப் பேசுச்சு?”

எனக்குப் பதில் இல்லை.

“ரெண்டு கார்டுமே நல்லா இருந்து, சேர்ந்து இருந்தா மட்டும் தகராறுன்னா, என்ன அர்த்தம்? ரெண்டுக்கும் பொதுவா இருக்கற ஏதோ ஒண்ணுல சண்டை. இன்டரப்ட்னா என்னன்னு முதல்ல படி. அப்புறம் பேசுவோம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் படித்தேன், டீச்சர் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஆனால் எனக்கு அதை நன்றாக விளக்கியவர், கம்ப்யூட்டரையே தொட்டறியாத ஐயாதான்.

இன்டரப்ட் என்றால் குறுக்கீடு. கம்ப்யூட்டரின் மூளை ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கும். விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால், நெட்வொர்க்கில் ஒரு செய்தி வந்தால், அந்தந்த உறுப்பு மூளையைக் கூப்பிட்டு, “இங்கே கொஞ்சம் பார்” என்று சொல்லும். மூளை செய்த வேலையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, கூப்பிட்டவரைக் கவனித்துவிட்டு, மீண்டும் விட்ட இடத்துக்கே வரும். இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “இதைத்தான நான் நாற்பது வருசம் செஞ்சேன்? பேரேடு எழுதிக்கிட்டு இருக்கும்போது செட்டியார் மணி அடிப்பாக. எழுதுன வரியில ஒரு புள்ளி வச்சிட்டுப் போவேன். வந்து அந்தப் புள்ளியில இருந்து எழுதுவேன். புள்ளி வைக்க மறந்தா அன்னைக்குக் கணக்கு உதைக்கும்” என்றார். டீச்சர் கரும்பலகையில் எழுதி விளக்கியதும் இதையேதான். மூளையும் நிறுத்திய இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டுதான் போகிறது.

யார் கூப்பிடுகிறார் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் எண்கள். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இப்படிக் கூப்பிட எட்டே கம்பிகள். 1984இல் வந்த அடுத்த வகையில் இன்னொரு சில்லுவைச் சேர்த்துப் பதினாறு எண்கள் ஆக்கினார்கள். பூஜ்யம் முதல் பதினைந்து வரை. அவற்றுள் இரண்டாம் எண் இரு சில்லுகளையும் இணைப்பதற்கே போய்விடுவதால், மிஞ்சியவை பதினைந்து. பூஜ்யம் கடிகாரத்துக்கு, ஒன்று விசைப்பலகைக்கு, ஆறு பழைய பிளாப்பிக்கு, பன்னிரண்டு மவுஸுக்கு, பதினான்கும் பதினைந்தும் வட்டுகளுக்கு. இப்படி நிரந்தரக் குடிகள் போக எஞ்சியவை சிலவே. வருகிற கார்டுகளெல்லாம் அந்தச் சிலவற்றுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். சித்தப்பாவின் சவுண்டு கார்டு போன்ற பழங்கார்டுகள் வழக்கமாகக் கேட்பது ஐந்தாம் எண்.

சரி, இரண்டு பேர் ஓர் எண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாதா? சிலர் பங்கு போடலாம். சிலர் போட முடியாது. இதற்கு நம் வகுப்பறையையே உவமையாகச் சொல்கிறேன். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். சந்தேகம் உள்ளவள் மேசையை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் ஒரே நேரத்தில் தட்டினால் டீச்சர் காதில் ஒரு தட்டாகத்தான் விழும். ஒருத்திக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் திரும்பி எழுதப் போய்விடுவார். மற்றவள் காத்துக்கொண்டே இருப்பாள். ‘ஐ.எஸ்.ஏ.’ என்ற பழைய வகைக் கார்டுகள் இப்படித் தட்டுகிறவை. மாறாக, பதில் கிடைக்கும் வரை உயர்த்திய கையை இறக்கக் கூடாது என்பது விதியானால், ஒருத்திக்குப் பதில் சொல்லி நிமிரும்போதே இன்னொரு கை உயர்ந்திருப்பது டீச்சர் கண்ணில் படும். ‘பி.சி.ஐ.’ என்ற பிற்கால வகைக் கார்டுகள் இப்படிக் கை உயர்த்துகிறவை. ஆகவே அவற்றில் இரண்டு மூன்று ஓர் எண்ணில் கூடி வாழலாம். பழைய வகைக்கு மட்டும் தனி எண் வேண்டும். எங்கள் சவுண்டு கார்டு பழைய வகை. தம்பி வாங்கி வந்தது புதிய வகை.

இப்போது சந்தேகம் பிறந்துவிட்டது. ஆனால் முன்பு போல உடனே தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சாட்சி வேண்டும்.

லினக்ஸில் அந்தச் சாட்சி தயாராக இருக்கிறது. ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் ‘இன்டரப்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு. அதைத் திறந்தால் ஒவ்வோர் எண்ணும், அந்த எண்ணில் இதுவரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்பதும், கூப்பிடுகிறவர் பெயரும் வரிசையாகத் தெரியும். ஐயாவின் பேரேடு போலவே இருந்தது. ஆனால் அதைப் பார்க்கத் தம்பியின் கார்டு உள்ளே இருக்க வேண்டும். கார்டு அவன் சட்டைப் பையில்.

அவனிடம் போய் நின்றேன். “கார்டைக் கொடுக்கிறாயா?” என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தான். ஆனால் நான் செருகும்போது பின்னால் வந்து நின்றான்.

கோப்பைத் திறந்தோம். ஐந்தாம் எண்ணுக்கு எதிரே நெட்வொர்க் கார்டின் பெயர். கேபிளில் செய்தி போகப் போக எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. சவுண்டு கார்டின் பெயர் எங்குமே இல்லை. தொடக்கத்தில் எழுதப்படும் குறிப்பேட்டைப் பார்த்தால், ‘ஐந்தைப் பிடிக்க முடியவில்லை’ என்ற பொருளில் சவுண்டு கார்டு ஒரு வரி முறையிட்டிருந்தது. பாவம், அது நான்கு நாளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. நான்தான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். “அக்கா, முதல்ல எழுந்திரிக்கிறவங்க எண்ணைப் பிடிச்சுக்கிறாங்கன்னா, வரிசையை மாத்திப் பார்ப்போமா?” மிக நல்ல யோசனை. நெட்வொர்க்கை நிறுத்தினோம், சவுண்டு கார்டை முதலில் எழுப்பினோம், பிறகு நெட்வொர்க்கை எழுப்பினோம். மணி ஓசை கேட்டது. நெட்வொர்க் எழ மறுத்தது! குற்றவாளி மாறிவிட்டான். வரிசையை மாற்றினால் குற்றவாளி மாறுகிறான் என்றால், இருவரில் ஒருவரும் குற்றவாளி இல்லை என்பதுதானே பொருள்? அந்த நிமிடம் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தீர்வு தேடினோம். முதலில் நெட்வொர்க் கார்டைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினோம். சில கம்ப்யூட்டர்களில் துளையை மாற்றினால் எண்ணும் மாறும். எங்களுடையதில் மாறவில்லை, மீண்டும் ஐந்து. அன்றிரவு சித்தப்பாவைக் கூப்பிட்டோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நானும் இதே தகராறை அந்தக் காலத்துல பார்த்தேன். அப்ப நெட்வொர்க் கார்டு இல்ல, மோடம். தீர்த்துட்டு, எப்படின்னு எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தேனே, பார்க்கலையா?” என்றார்.

மூடியின் உட்புறத்தில் பழுப்பேறிய காகிதம்! நான்தான் அதைச் சுரண்டிக் கழுவிக் குப்பையில் போட்டேன். பேட்டரி செத்தபோதே சித்தப்பா செய்திருந்த அமைப்பு அழிந்துவிட்டது. அந்தக் காகிதம் ஒன்றுதான் அதை மறவாமல் வைத்திருந்தது. அதையும் படித்துக்கூடப் பார்க்காமல் கிழித்தவள் நான். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்கள். நானோ எய்தவளே நானாக இருந்துகொண்டு அம்பைத் திட்டியிருக்கிறேன்.

சித்தப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, காகிதம் போனாப் போகுது. காரணம் இப்பத் தெரியுமில்ல? வழியை நீங்களே கண்டுபிடிங்க” என்றார்.

கண்டுபிடித்தோம். கம்ப்யூட்டரை ஓட்டியதும், லினக்ஸ் எழுவதற்கு முன்னால், ‘பயாஸ்’ என்ற அடிப்படை மென்பொருள்தான் புதிய வகைக் கார்டுகளுக்கு எண்களைப் பகிர்ந்து கொடுக்கிறது. பழைய வகைக் கார்டு ஐந்தில் இருப்பது அதற்குத் தெரியாது. பழைய கார்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாது. காலியாக இருப்பதாக நினைத்து, ஐந்தைப் புதியவனுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே பயாஸ் திரைக்குள் போய், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே உள்ள பட்டியலில், ஐந்தாம் எண்ணைப் ‘பழைய வகைக்கு ஒதுக்கியது’ என்று மாற்றினோம். சேமித்துவிட்டு மீண்டும் ஓட்டினோம்.

தம்பிதான் கோப்பைத் திறந்தான். ஐந்துக்கு எதிரே சவுண்டு கார்டு, தனியாக. பதினொன்றுக்கு எதிரே நெட்வொர்க் கார்டும் யூ.எஸ்.பி.யும் ஒன்றாக. இரண்டுமே கை உயர்த்துகிற வகையாதலால் சண்டையில்லை. மணி ஓசை கேட்டது. நெட்வொர்க்கும் ஓடியது.

“தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்” என்றேன். அவன், “விடுக்கா, என் கார்டு ஓட்டை இல்லைன்னு ஐயாகிட்ட நீயே சொல்லு” என்றான். போய்ச் சொன்னேன். காகிதத்தைக் கிழித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

இந்தக் குறுக்கீட்டுத் தகராறு சிறிய விஷயம் அன்று. 1969 ஜூலை 20ஆம் நாள் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்நேரத்தில் தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து வீண் சமிக்ஞைகள் கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. 1202 என்ற எச்சரிக்கை மீண்டும் மீண்டும் வந்தது. மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியின் தலைமையில் இருந்த குழு எழுதிய மென்பொருள், முக்கியமில்லாத வேலைகளை ஒதுக்கிவிட்டு இறங்குகிற வேலையை மட்டும் விடாமல் செய்தது. வீரர்கள் பத்திரமாக இறங்கினார்கள். யார் கூப்பிட்டாலும் ஓடாமல், யாரை முதலில் கவனிப்பது என்று முன்கூட்டியே சிந்தித்து வைத்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. அத்தை மகள் அக்காவின் மடிக்கணினியிலும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எண்கள் பதினைந்தைத் தாண்டிப் போகின்றன. இப்போதெல்லாம் பல கார்டுகள் தனிக் கம்பியே இல்லாமல் ஒரு சிறு செய்தியை அனுப்பிக் கூப்பிடுகின்றனவாம். இடநெருக்கடி தீர்ந்துவிட்டது, பழைய கம்ப்யூட்டரைத் திறப்பவர்களுக்குத்தான் இன்னும் அந்தச் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா கேசட்டைப் போட்டார். நான் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். தம்பி கோப்பைப் பார்த்துக்கொண்டே, “ஏறுதுக்கா, அஞ்சு ஏறுது” என்று காதோடு சொன்னான்.

அப்பத்தா பேசினார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்ததைச் சொன்னார்கள். பசு கன்று போட்டதைச் சொன்னார்கள். “வேளைக்குச் சாப்பிடு, காசைப் பார்க்காத” என்று மூன்று முறை சொன்னார்கள். என் குரலைப் போலவே இருக்கிறது என்று அம்மா மெல்லச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

பாதியில், ஒரு வாக்கியத்தின் நடுவில், தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், “இந்தா, வாசல்ல யாருன்னு பாரு” என்று அதட்டியது. “இருங்க, வர்றேன்” என்று அப்பத்தா எழுந்து போய்விட்டார்கள். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. காலடி ஓசை, ஒரு கோழி, யாரோ சிரிப்பது. நாங்கள் அனைவரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். பிறகு வளையல் ஓசை. “எங்க விட்டேன்? ஆங், கன்னுக்குட்டி...” என்று விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்கள்.

கூப்பிட்ட குரல் ஐயாவுடையது. முப்பத்து நான்கு ஆண்டுக்கு முந்தைய ஐயா! அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பார்த்தியா ஆத்தா, நான் பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். அவ புள்ளி வச்சிட்டுப் போயிட்டு வந்திருக்கா” என்றார்.

அன்று கேசட்டைத் திருப்பிச் சுற்றும்போது நாடா அறுந்துவிட்டது. ஆனால் குரல் இரண்டு கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. தம்பியின் கேபிள் வழியாகத்தான் அது இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போனது. இப்போது ஐயா நாள்தோறும் மாலையில் கேட்கிறார்.

அன்புத் தோழிகளே, ஒன்று கெட்டுப் போனால் உடனே ஒருவர் பெயரைச் சொல்வது எளிது. அதுவும் நம்மைவிடச் சிறியவர் பெயரைச் சொல்வது மிக எளிது. தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியை நான் பல முறை பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் இந்த விடுமுறையில்தான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: பழைய காகிதம் எதையும் படித்துப் பார்க்காமல் கிழிக்கக் கூடாது. கம்ப்யூட்டரின் மூடிக்குள் இப்போது ஒரு புதுத் தாள் ஒட்டியிருக்கிறோம். ‘ஐந்து பழைய கார்டுக்கு, தனியாக விடவும்’ என்று நான் எழுதினேன். அதன் கீழே தம்பி தன் கையெழுத்தில், ‘கழுவ வேண்டாம்’ என்று சேர்த்திருக்கிறான்.